இரைச்சலை அடைப்பதா, காற்றை விடுவதா: இரண்டு விமான நிலைய ஓட்டல்கள்

விமான நிலைய ஓட்டலில் தங்குபவர் ஊர் பார்க்க வந்தவர் அல்லர். ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே சில மணி நேரத்தைக் கழிக்க வந்தவர். அந்த நேரத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில், இன்று இல்லாத ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய டிடபிள்யூஏ ஓட்டலும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் கிரவுன் பிளாசா ஓட்டலும் ஏறக்குறைய நேர்எதிரான விடைகளைத் தந்திருக்கின்றன.

நியூயார்க் ஓட்டலின் முன்கூடம் ஓட்டலுக்கென்று கட்டப்பட்டதே அன்று. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து, அவர் மறைந்த மறு ஆண்டான 1962-இல் திறக்கப்பட்ட விமான முனையம் அது. ஒய் வடிவத் தூண்கள் நான்கின் மேல் நான்கு கான்கிரீட் கூரைகள் சிறகு விரித்து நிற்கின்றன. 2001-இல் மூடப்பட்ட அந்தக் கட்டடம் 2019-இல் ஓட்டலாகத் திறக்கப்பட்டபோது, 512 அறைகளையும் அதற்குள் திணிக்காமல் பின்புறம் இரு புதிய கட்டடங்களில் வைத்து, அவற்றைத் தாழ்வாகவும் கருங்கண்ணாடி முகப்போடும் அடக்கி வைத்ததே இத்திட்டத்தின் மிகப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். உள்ளே தரையும் சுவரும் இருக்கையும் மூலையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று வளைகின்றன; காசளவு வட்டச் சில்லுகள் அந்த வளைவுகளைப் போர்த்தியிருக்கின்றன. பள்ளமாக இறக்கிய அமர்விடத்தின் சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்தால், எழுத்துகள் சடசடவெனப் புரளும் பழைய அறிவிப்புப் பலகை எதிரே தெரியும். அறைகளின் கண்ணாடிச் சுவர் நாலரை அங்குலக் கனம் கொண்டது. ஓடுபாதை பார்த்த அறையில் விமானங்கள் ஊமைப்படம் போல நகர்கின்றன. ஆனால் சுழற்றும் தொலைபேசியும் அக்கால நாற்காலியும் வைத்த அந்த அறை, அழகாக இருந்தாலும், முற்றும் அடைத்த பெட்டிதான்.

சாங்கியில் மூன்றாம் முனையத்தை ஒட்டி 2008-இல் திறக்கப்பட்ட ஓட்டலை வடிவமைத்த வோஹா நிறுவனத்துக்குக் காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடம் எதுவும் இல்லை. இருந்தது வெப்பமும் ஈரப்பதமும்தான். பூவேலைத் துளைகள் கொண்ட உலோகத் திரை வெயிலை வடிகட்டுகிறது. நீச்சல் குளத்தை மரங்கள் சூழ்ந்திருக்கின்றன. நடைக்கூடங்களில் வெளிக்காற்று புகுகிறது. பல மணி நேரம் விமானத்தின் உலர்ந்த குளிர்காற்றில் கிடந்த உடம்புக்கு இது ஆடம்பரமன்று, மருந்து. 2016-இல் 243 அறைகள் கூடுதலாக எழுந்தபோது, அவை ஷாங்காயில் பெரும்பகுதி முடிக்கப்பட்ட பெட்டிகளாகக் கப்பலேறி வந்து, தீப்பெட்டிகளை அடுக்குவது போல் அடுக்கப்பட்டன. ஓயாமல் இயங்கும் விமான நிலையத்தின் நடுவே, குறுகிய மனையில் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்காது. முன்கூடத்தில் மட்டும் சாங்கி தோற்கிறது. சாரினெனின் கூரைக்கு எதிரே எந்த ஓட்டல் முன்கூடமும் சாதாரணமாகத்தான் தெரியும்.

இரவு பதினொன்றுக்கு இறங்கி விடியற்காலையில் கிளம்புபவருக்குச் சாங்கியின் கட்டமைப்பையே பரிந்துரைப்பேன். நியூயார்க்கில் பகலில் ஐந்தாறு மணி நேரம் காத்திருப்பவருக்கோ அறையே தேவையில்லை. சிவப்புக் கம்பளமும், வெளியே மதுக்கூடமாக மாற்றி நிறுத்தப்பட்டிருக்கும் 1958-ஆம் ஆண்டு கான்ஸ்டலேஷன் விமானமும் போதும்.