லெவல் எடிட்டர் கேசட்: ஆஃப் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடியோ கேம் கேசட் வாங்கப் போகிறீர்களா? அதிலும் கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவிக்கு ‘லெவல் எடிட்டர் சேர்த்த கேசட்’ (ஆட்டத்தின் லெவல்களை நாமே வரைந்துகொள்ளும் வசதி உள்ளது) என்று யாராவது காட்டினால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 1,800 ரூபாய், அதற்கு மேல் ரிப்பேர் என்ற பெயரில் இன்னொரு 350. காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் அக்கா பையன் ஸ்கூல் விட்டு வந்து உட்கார்ந்து வரைந்த லெவல் அத்தனையும் போனதுதான் இன்னும் மனது ஆறவில்லை.

காலாடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கேம்பாய் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த மாமா வாங்கி வந்தது, இன்னமும் நன்றாக ஓடுகிறது. பையனுக்கு அதில் உயிர், பெட்டி தள்ளும் விளையாட்டான சோகோபன். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கிய புதிர் அது. கிடங்கில் கிடக்கும் பெட்டிகளைக் குறித்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. தேவையில்லாத மூலையில் ஒரு பெட்டி போய் மாட்டினால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆட வேண்டும். இருந்த லெவல்களை முடித்துவிட்டு, கணக்கு நோட்டில் கட்டம் போட்டுச் சொந்தமாக வரைய ஆரம்பித்துவிட்டான். முடிந்த நிலையிலிருந்து பெட்டிகளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வந்தால், கட்டாயம் விடை உள்ள புதிர் கிடைக்கும் என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். ஏழாவது படிக்கிற பிள்ளை. அதைப் பார்த்துத்தான் இவனுக்கு எடிட்டர் வாங்கித் தரவேண்டும் என்று தேடினேன்.

எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அந்தக் கடை. பெயர் போடவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கேசட்டில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் ஒரு பெட்டியும் பென்சிலும். “எடிட்டர் போட்ட கேசட்டுண்ணே. நீங்களே லெவல் போட்டுக்கலாம், சேவ் பண்ணிக்கலாம். எத்தினி வருசம் கயிச்சி எடுத்தாலும் அப்டியே இருக்கும்” என்றார். என் கண் முன்னாலேயே நான்கு சுவரும் இரண்டு பெட்டியும் வரைந்தார், சேவ் அழுத்தினார், மெனுவுக்குப் போனார், திரும்ப உள்ளே வந்தார். வரைந்தது அப்படியே இருந்தது. பில் கேட்டதற்கு, பழைய பொருளுக்கு பில் கிடையாது என்றார். ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

இந்த இடத்தில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேம்பாய்க்கு உள்ளேயே 8 கிலோபைட் வேலை நினைவகம் உண்டு. நாம் வரைந்துகொண்டிருக்கும் லெவல் முதலில் அங்கேதான் இருக்கும். சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை மெனுவுக்குப் போனாலும் வந்தாலும் அது அழியாது. சேவ் என்பது வேறு வேலை. அந்த லெவலை கேசட் போர்டில் இருக்கும் ரேம் என்ற தனி நினைவகச் சிப்பில் எழுத வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அந்த ரேம் மறக்காமல் இருக்க, பக்கத்தில் ஒரு 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரி வேண்டும். அந்தக் காலத்து சேவ் கேசட்கள் பெரும்பாலும் இப்படித்தான். கடைக்காரர் எனக்குக் காட்டியது முதல் நினைவகத்தை. சுவிட்சை அவர் கடைசிவரை தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்து பையன் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு லெவலாக ஏற்றினான். கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி. 8 புள்ளி கட்டமாகப் பிரித்தால் குறுக்கே 20, நெடுக்கே 18, ஆக 360 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கர்சரை நகர்த்தி, சுவரா பெட்டியா இலக்கா என்று பட்டனால் மாற்ற வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. நோட்டில் இல்லாத சிலவற்றைத் திரையிலேயே யோசித்து வரைந்தான், அவைதான் நல்லவை. கேம்பாயை அணைக்காமலே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி அணைத்தோம். காலையில் போட்டால் பட்டியல் முழுக்கக் காலி. அவன் ஒன்றும் சொல்லவில்லை, கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி ஊதித் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டே இருந்தான்.

கடைக்குப் போனேன். “பேட்டரி வீக் ஆயிருக்கும்ணே, மாத்திக் குடுத்துட்றேன்” என்று 350 வாங்கிக்கொண்டு, உள்ளே எடுத்துப்போய்க் கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அதே கதை. மறுபடி போனபோது, “எடிட்டர் எழுதுனவன் தப்பு, நான் இன்னா பண்றது” என்று கையை விரித்துவிட்டார்.

தண்டையார்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்துத் திறந்தோம். போர்டில் கேம் நிரல் இருக்கும் ஒரு ஃபிளாஷ் சிப், ஒரு சின்ன சிப், அவ்வளவுதான். பேட்டரிக்கு அச்சடித்த வட்டத்தின் மேல் ஒரு பட்டன் பேட்டரியை ஈயம் வைத்து ஒட்டி, கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அதுதான் 350 ரூபாய் வேலை. அதற்குப் பக்கத்தில் ரேம் சிப் உட்கார வேண்டிய இடம் காலி. இரண்டு வரிசைக் கால் தடங்களும் சூடு படாமல் பளபளவென்று கிடந்தன. ரேமே இல்லாத போர்டில் பேட்டரி எதைக் காப்பாற்றும்? திறந்து வைத்துக்கொண்டு ஈயம் வைத்த ஆளின் கண்ணில் அந்தக் காலி இடம் படாமல் இருந்திருக்க வழியே இல்லை. தெரிந்தே வாங்கிய காசு அது.

கேசட்டில் உள்ளதைக் கணினியில் படித்துக் காட்டும் ரீடரில் போட்டும் நண்பர் பார்த்தார். கேம்பாய் நிரலின் தலைப்பில், 0147 என்ற முகவரியில், கேசட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு குறியீடு இருக்கும். அதில் ரேம், பேட்டரி இரண்டும் உண்டு என்றே பதிந்திருந்தது. அப்படியென்றால் எடிட்டரை எழுதியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் சரியாக எழுதியதை மலிவு போர்டில் ஏற்றி விற்றுவிட்டு, பழியையும் அவர் மேலேயே போட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் பார்த்தோம். எடிட்டரின் கடைசித் திரையில் ‘இது இலவசம், விற்கக் கூடாது’ என்று எழுதியவரே போட்டிருக்கிறார். இந்த மாதிரி சேர்ப்பு வேலைகளை ஆர்வலர்கள் பெரும்பாலும் பேட்ச் கோப்பாக, மாறிய பகுதியை மட்டும் இலவசமாகத்தான் தருவார்கள். யாரோ ஒருவர் தூக்கம் கெட்டுச் செய்த வேலையை விற்று, அவருக்கே கெட்ட பெயரும் வாங்கித் தருவது எனக்கு என் 1,800 ரூபாயைவிடப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே இதைச் செய்யுங்கள். நீங்களே ஒரு லெவல் வரைந்து சேவ் செய்யுங்கள். சுவிட்சை அணையுங்கள். கேசட்டை வெளியே எடுத்து மேஜைமேல் வையுங்கள். உடனே திரும்பச் செருகாதீர்கள், சில நினைவகங்கள் மின்சாரம் போன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டுப் பாருங்கள். லெவல் இருந்தால் பேசலாம். சுவிட்சைத் தொட விடாத கடையில் வாங்காதீர்கள். பேட்டரி இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டவும் வேண்டாம். பேட்டரியே தேவைப்படாத எஃப்ரேம் சிப் வைத்த நல்ல போர்டுகளும் இருக்கின்றன. பார்ப்பதைவிட, அணைத்துப் பார்ப்பதுதான் நம்பிக்கையான சோதனை.

அப்புறம் பில். 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறை, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுக்கும் காலத்தைப் பில்லில் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், தமிழிலேயே பேசினார்கள். ஜிபே ரசீது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, திறந்த போர்டின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

பையனுக்கு இப்போதைக்கு அந்த இலவச எடிட்டரையே போனில், கேம்பாய் போலவே ஓடும் எமுலேட்டர் ஆப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நோட்டில் இருந்த லெவல்களை மறுபடி ஏற்றிவிட்டான். திரையிலேயே யோசித்து வரைந்தவை ஞாபகம் வரவில்லை என்கிறான்.

மஞ்சள் ஸ்டிக்கரில் பெட்டியும் பென்சிலும் போட்ட அதே கேசட்டை நீங்களும் வாங்கியிருந்தால், திறந்து ரேம் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் சேர்கிறோமோ அத்தனை புகாரையும் ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.