சி-1: எல்லோர் கையிலும் இருக்க வேண்டிய அட்டவணை

போன மாதம் அலுவலகத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றி, தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் எத்தனை சதவீதம், கிறிஸ்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதில் வந்து நின்றது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதினோம். ஆறு பேரில் நான்கு பேர் முஸ்லிம்களுக்கு இருபதுக்கு மேல் போட்டிருந்தார்கள். நான் முஸ்லிம். நானே பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தேன்.

சரி, பார்த்துவிடுவோம் என்று மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்திலிருந்து, மதவாரியாக மக்கள் தொகையைத் தரும் சி-1 அட்டவணையை இறக்கினேன். இலவசம்தான், எக்செல் கோப்பு. 2011 கணக்கில் 7.21 கோடிப் பேரில் முஸ்லிம்கள் 42.29 லட்சம், அதாவது 5.86 சதவீதம். கிறிஸ்தவர்கள் 44.18 லட்சம், 6.12 சதவீதம். கிறிஸ்தவர்கள் எங்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று ஆறு பேரில் ஒருவர்கூட நினைக்கவில்லை.

அதற்கு அப்புறம் பார்த்ததுதான் எனக்கு முக்கியம். கிறிஸ்தவர்கள் முப்பது சதவீதம் என்று எழுதிய தோழி கன்னியாகுமரிக்காரர். அந்த மாவட்டத்தின் வரிசைக்குப் போனால், 18.70 லட்சம் பேரில் 8.76 லட்சம் பேர் கிறிஸ்தவர்கள். கிட்டத்தட்ட 47 சதவீதம்! பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அவர் எழுதியிருக்கிறார். விடை மட்டுமல்ல, நம் கணிப்பு எங்கே பிசகியது என்பதும் இந்த ஒரே கோப்பில் கிடைக்கிறது. தாலுகா வரை இறங்கிப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. சதவீதத்தை நாமேதான் கணக்குப் போட வேண்டும். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் எண்கள் பழையவை, அடுத்தது 2027இல்தான். பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே என்பதால், தேவாலயம் போகிற சிலர் ஏட்டில் இந்துவாகவே இருக்கக்கூடும்.

'அவங்க பெருகிட்டே போறாங்க' என்ற பேச்சுக்கும் இது மட்டும் போதாது. தேசியக் குடும்ப நல ஆய்வையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், 2019-21இல் 2.36. இந்துப் பெண்ணுக்கு 3.3 என்பது 1.94 ஆகியிருக்கிறது. இரண்டுமே இறங்குகின்றன, எங்கள் பக்கம் இன்னும் வேகமாக.

முஸ்லிம்கள் இருபத்தைந்து சதவீதம் என்று எழுதியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "அந்தக் கோப்பை எனக்கும் அனுப்புங்க, எங்க ஊர் வரிசையைப் பார்க்கணும்" என்றார். உடனே அனுப்பினேன்.