"கை வைச்சவனோ?": அடியும் உளக்கொடுமையும் சட்டத்தின் பார்வையில்

கணவனின் கொடுமையைப் பற்றி இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பெண் வாய் திறந்தால், பெற்ற தாயாக இருந்தாலும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுபவராக இருந்தாலும் முதலில் கேட்பது "கை வைச்சவனோ?" என்பதுதான். இல்லை என்றால், "அப்ப வாய்ச்சண்டைதானே" என்று கதை முடிந்துவிடும். சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான் சரி.

சரியான பாதி 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. அதன் 310ஆம் பிரிவு, ஒருவருக்கு உடல் நோவையோ நோயையோ இயலாமையையோ ஏற்படுத்துவதைக் காயம் என்கிறது. தழும்பு இருக்க வேண்டியதில்லை; ஓர் அறையின் வலியே போதும். வேண்டுமென்றே காயம் விளைவித்தால் ஓராண்டு வரையும், எலும்போ பல்லோ முறியுமளவுக்குக் கடுங்காயமானால் ஏழாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆனால் பத்து வருடமாக நாள்தோறும் "மலடி" என்று அழைக்கப்பட்டவளின் நோவு உடல் நோவு அல்லாததால், இந்தப் பிரிவின் வாசலிலேயே அவள் நிறுத்தப்படுகிறாள். கொலை மிரட்டல் விடுத்தால் குற்றவியல் அச்சுறுத்தல் என்ற வேறு பிரிவு உண்டு. மிரட்டாமல் இழிவுபடுத்துபவனுக்கு அதுவும் பொருந்தாது.

தவறான பாதியைத் திருத்துவது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். உடலுக்கு எதிரான குற்றங்களோடு உணர்வுரீதியான துஷ்பிரயோகத்தையும் இச்சட்டம் வீட்டு வன்முறை என்றே ஏற்கிறது. ஆனால் படி சற்று உயரமானது: கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்துகின்ற அல்லது அவமானப்படுத்துகின்ற நடத்தை பாரதூரமானதாகவும், ஒரு தடவையோடு நில்லாத தொடராகவும் இருக்க வேண்டும். அடியானால் ஒரு தடவையே கணக்கில் வருகிறது. சொற்களோ சேர்ந்து குவிந்த பிறகே கணக்கில் வருகின்றன. எத்தனை சொல், எத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை. அதை நீதவானே முடிவு செய்ய வேண்டும்.

படியைத் தாண்டியவளுக்குக் கிடைக்கும் நிவாரணத்தில் வேறுபாடு இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடிபட்டவளும் அவமதிக்கப்பட்டவளும் ஒரே நீதவான் நீதிமன்றத்தில் ஒரே பாதுகாப்புக் கட்டளையைக் கேட்கலாம். அவசரமானால் இடைக்காலக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணையிட வேண்டும். இறுதிக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். கணவனை வீட்டுக்கு வராமல் தடுக்கலாம், அவசரப் பண உதவி கொடுக்கச் செய்யலாம். உணர்வுரீதியான துஷ்பிரயோகம் இச்சட்டத்தில் தனிக் குற்றமல்ல, கட்டளையை மீறுவது குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். கட்டளை மாமன், மாமிக்கு எதிராகவும் பெறக்கூடியது. சேர்ந்து வாழ்பவர்களையும் சட்டம் உள்ளடக்குவதால், போரின் கடைசி வருடங்களில் அவசரமாகக் கட்டிவைக்கப்பட்டுப் பதிவில்லாமல் போன மணங்கள் இங்கே தடையாகா.

எனக்குக் கேட்டால், அடிபட்டவளுக்கும் பல வேளைகளில் இந்த வழியே மேல். தண்டனைச் சட்ட வழியில் அவன் உள்ளே போனால் கூலிக்காசும் நின்றுவிடும்; சிறுகாய வழக்கு, பிணக்குகளைச் சமரசம் செய்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனால் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ பிள்ளை" என்ற புத்திமதியோடு திரும்பி வரவேண்டி நேரலாம். சிறையை விரும்பாமல் நிம்மதியை விரும்புபவளுக்குக் கட்டளையே பொருத்தம்.

நிரூபிப்பதில்தான் தராசு மீண்டும் சாய்கிறது. காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை எழுதுவார். சொல்லுக்கு அப்படி ஓர் அறிக்கை இல்லை. காணிக்குக் காணி தள்ளி வீடுகள் இருக்கும் மீள்குடியேற்றக் கிராமங்களில் அயலாருக்கும் கேட்காது. கேட்டவர்களும் நீதிமன்றம் ஏறத் தயங்குவார்கள். எனவே திகதி போட்டு எழுதிய கொப்பி, தொலைபேசியில் வந்த குரல் பதிவுகள், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போய் வந்த பதிவு ஆகியவையே தொடரைக் காட்டும் சாட்சியங்கள். முறைப்பாடு முதல் தடவை ஏற்கப்படாவிட்டாலும் அதைப் பதியச் சொல்லிக் கேட்பது நல்லது.

வெளியே பார்த்தால், இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் தனியாக வரையறுக்கிறது. நமது சட்டத்தில் அப்படியொரு வரையறை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்று, துணையைக் கட்டுப்படுத்தி அடக்கியாளும் தொடர் நடத்தையையே ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அந்த அளவுக்கு இங்கும் போக வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அப்படியொரு குற்றத்தை நிரூபிக்கும் சுமை, கட்டளை கேட்பவளின் சுமையைவிடப் பாரமானது.

ஆகவே அடியும் ஏச்சும் சேர்ந்தே நடக்கும் வீட்டில், விண்ணப்பத்தில் அடியை மட்டும் எழுதுவது பிழை. கடைசி அடிக்கு முன்னைய மாதங்களில் நடந்தவற்றையும் திகதியோடு எழுத வேண்டும். பெண் தானாகவே விண்ணப்பிக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முன்பே யோசனை கேட்க 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் உண்டு.