மலை அழுகண்ணியா, மணல் அழுகண்ணியா: ராமநாதபுரம் கரைக்கு எது தோது?

இலையின் பசைத்துளியால் பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடி (ட்ரோசெரா) வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்து மயங்குவது மலை இனங்களில்தான். வெனிசுலா, கயானா பக்கத்து மேசை மலைகளின் ட்ரோசெரா ரொராய்மே, நம் நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகளின் ட்ரோசெரா பெல்டேட்டா எல்லாம் அந்த ரகம். மறுபக்கம், மழைக்குப் பிறகு ஈர மணல் தரிசில் தானாக முளைக்கும் மணல் இனங்களான ட்ரோசெரா பர்மானியும் ட்ரோசெரா இண்டிகாவும். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோர வீடுகளில் வைப்பதானால் எங்கள் ஓட்டு பின்னதற்குத்தான். அழகில் மலை இனம் ஒரு படி மேல், அதில் வாதமில்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ராத்திரி வெப்பம். பகலில் 30 டிகிரி வந்தாலும் மலை அழுகண்ணி சமாளிக்கும், ஆனால் இரவில் 10 முதல் 16 டிகிரிக்குள் இறங்கியாக வேண்டும். பாம்பனில் மே, ஜூன் ராத்திரி சாதாரணமாக 27-ஐ ஒட்டியே இருக்கும். மார்கழி, தையிலும் 24-ஐ ஒட்டித்தான் நிற்கும். கடல் பக்கத்தில் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் குறைவு. ராத்திரி சூடாக இருந்தால் செடியின் சுவாசம் குறைவதில்லை, பகலில் சேர்த்த சர்க்கரையை இரவே தின்று தீர்த்துவிடுகிறது. முதலில் இலை நுனியில் பசைத்துளி வற்றும், பிறகு புது இலைகள் சிறுத்துக்கொண்டே வரும், கடைசியில் வேர் அழுகும். வாங்கிய புதிதில் பழைய இருப்பை வைத்துச் செழிப்பாகவே தெரியும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

குளிர்விக்க வழி இல்லாமல் இல்லை. மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி நம் ஊரில் எங்கும் கிடைக்கும் (புதிதாக வாங்குங்கள், பழையதில் உப்பு ஊறியிருக்கும்). ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இரண்டடி நீளம், 5 சென்டிமீட்டர் சுவர் உள்ள பெட்டியை வெளியைவிட 13 டிகிரி குறைவாக எட்டு மணி நேரம் வைக்க, கணக்குப்படி அந்த ஒரு பாட்டிலே போதும். ஆனால் சுவர் பாதி தடிமன் என்றால் தேவை இரட்டிப்பு. மேலே கண்ணாடி மூடி, இடுக்குகள், ஈர மண்ணின் வெப்பம் எல்லாம் சேர்த்து மூன்று நான்கு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மாலையில் வைத்து, காலையில் எடுத்து, மறுபடி ஃப்ரீசரில் போட வேண்டும். வாரம் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போகிற குடும்பத்தில் இது நடக்கிற காரியமா? ஏசி போட்டால் சாதாரணமாக 16-க்குக் கீழே வைக்க முடியாது. இன்வெர்டர் ஏசி இரவுக்கு ஆறு யூனிட் இழுக்கிறது என்றே வைத்தாலும், இரண்டு மாத பில்லில் 360 யூனிட் கூடும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் எந்த மூலைக்கு?

பர்மானிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணின் மேல் தூவினால் போதும், மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைக்கும்வரை பானையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். வளர்ந்த செடியின் வட்டம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும், நல்ல வெயிலில் சிவக்கும். இலை விளிம்பில் இருக்கும் நீண்ட ரோமங்கள் எறும்பு பட்டதும் சில நொடிகளில் உள்ளே மடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், மலை இனங்களில் இந்த வேகம் இல்லை. இண்டிகா தண்டு விட்டு நிமிர்ந்து வளரும், கொசுவும் ஈயும் ஒட்டும்.

குறை என்னவென்றால் இரண்டுக்கும் ஆயுள் சில மாதம்தான். தானே கருவுற்று விதை கொட்டிவிட்டுக் காய்ந்துவிடும், ஆகவே விதையைக் காகித உறையில் எடுத்து வைத்து மறுபடி தூவ வேண்டும். ஒரே செடியைப் பல வருஷம் வளர்க்கப் பிடிக்கும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. காட்டிலிருந்து செடியைப் பிடுங்க வேண்டாம், விதை போதும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே கண்டிப்பு: டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 50-க்குக் கீழே. நம் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஒரு பானையிலிருந்து தினமும் 50 மில்லி ஆவியாகிறது என்றால், 300 டிடிஎஸ் தண்ணீர் மாதத்தில் 450 மில்லிகிராம் உப்பை அதே பானையில் விட்டுப் போகிறது. 10 டிடிஎஸ் மழைநீர் விடுவது 15 மில்லிகிராம்தான். நூறு சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்குக் குறையாது. முதல் மழையை மட்டும் ஓடவிடுங்கள், தளத்தில் உப்புத்தூசி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடி வைத்தால் கோடைக்கு ஆகும்.

மண்ணுக்கு உரம் கலக்காத பீட் மாஸும் (சதுப்புப் பாசி மக்கு) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைப் பொரிகல்) சரிபாதி. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வருவதாக இருக்கலாம். கடற்கரை மணலில் உப்போடு கிளிஞ்சல் சுண்ணாம்பும் உண்டு. மண்பானையை விட்டு பிளாஸ்டிக் பானை எடுங்கள், தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆடிக் கச்சான் காற்று அடிக்கும்போது சுவர் மறைவுக்கு மாற்றுங்கள், உப்புக்காற்றில் பசை வற்றிவிடும். தீனி போடத் தேவையில்லை. கருவாட்டுத் தூளைத் தூவுகிறவர்கள் உண்டு, அது உப்பைக் கையால் ஊட்டுவது.

பூச்சி பிடிக்கும் மற்ற செடிகளில், வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு மூன்று மாதக் குளிர்கால உறக்கம் வேண்டும், இங்கே அது கிடையாது. வென்ட்ராட்டா குடுவைச்செடி, நிழல் கொடுத்தால் கரையோர ஈரப்பதத்தில் ஓரளவு குடுவை விடும். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்து பெட்டியோலாரிஸ் வகை அழுகண்ணி இனங்கள் வெப்பத்துக்கே பிறந்தவை, பல வருஷம் வாழ்பவை. ஆனால் நம் கரையில் அதை வளர்த்த அனுபவம் குறைவு, எங்கள் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியும் மலை இனம்தான் வேண்டும் என்றால், செடிக்கு முன் குறைந்தபட்ச அளவைப் பதியும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, வெறும் பெட்டியில் ஐஸ் வைத்துச் சித்திரை மாதத்தில் பத்து ராத்திரி பாருங்கள். ஒரு ராத்திரிகூட 16-க்கு மேல் நிற்கவில்லை என்றால் செடிக்குச் சொல்லி அனுப்பலாம்.