உப்புக் காற்றுக்கு எந்தக் காது மெஷின்? தலையில் அடிபட்டுக் கேள்வி குறைந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இரண்டு மெஷின்களை மேசையில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, காதுக்குப் பின்னால் உட்காரும் பெரியது. கொக்கி, பிளாஸ்டிக் குழாய், காதில் அச்செடுத்துச் செய்த மோல்டு, 13 அல்லது 675 நம்பர் பட்டன் பேட்டரி, இவ்வளவுதான். மற்றது புளியங்கொட்டை அளவு. மெல்லிய ஒயர் வழியாக ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்குள்ளேயே போய் உட்காரும். ராத்திரி சார்ஜில் போட வேண்டும். கடையில் இரண்டாவதைத்தான் முன்னால் நகர்த்துவார்கள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு என் சிபாரிசு முதலாவது. இரண்டிலும் சத்தம் நன்றாகவே வரும். இரண்டாவது வருடத்திலும் வருமா என்பதுதான் இங்கே கேள்வி.

வாங்கும் முன் ஒரு விஷயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, ஒரு காது அடைத்துப்போனது என்று மறுவாரமே மெஷின் வாங்கப் போகக் கூடாது. செவிப்பறைக்குப் பின்னால் கட்டிய ரத்தம் வற்றச் சில வாரங்கள் ஆகும். பறையில் விழுந்த ஓட்டை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். அதற்குமுன் எடுத்த ஆடியோகிராமுக்கு (எவ்வளவு கேட்கிறது என்று அளந்த வரைபடம்) மெஷினை அமைத்தால், பிறகு அது காதில் கத்தும். காதிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பாரம் தூக்கும்போது தலைசுற்றிக் கேள்வி மங்கினாலோ அது மெஷின் சமாச்சாரமே இல்லை. பஞ்சு வைக்காமல், எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாமல், மூக்கைச் சிந்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கேள்வி திடீரென்று அடியோடு போனாலும் அப்படித்தான். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை நாள் கடத்தாமல் தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஆடியோகிராமில் இரண்டு கோடுகள் இருக்கும்: காற்று வழிக் கேள்வி, எலும்பு வழிக் கேள்வி (மண்டை எலும்பின் அதிர்வாக நேரே உள்காதுக்குப் போவது). எலும்புக் கோடு நன்றாக இருந்து காற்றுக் கோடு மட்டும் 50, 60 டெசிபெலுக்கு இறங்கியிருந்தால், நடுக்காதின் சிற்றெலும்புகள் இணைப்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பட்டை எலும்பும் அங்கவடி எலும்பும் சேரும் இடம்தான் அடியில் முதலில் நழுவும். அதை ஆபரேஷனில் சேர்க்கலாம். அந்தப் பேச்சை முடித்துவிட்டு மெஷினுக்கு வரலாம். சங்கு குளிப்பவர்களும் பாசி எடுக்க முங்கும் பெண்களும் ஒன்றை மறக்கக் கூடாது. சிற்றெலும்பைச் சரிசெய்த காதோடு மறுபடி முங்கலாமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இரண்டு கோடும் சேர்ந்து இறங்கியிருந்தால் உள்காது நரம்புப் பக்கச் சேதம். அதற்கு மெஷின்தான் வழி.

இனி உப்பு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்த காரணமும், காது மெஷின் பழுதாகும் காரணமும் ஒன்றே. உப்புப் படிந்த இடம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள்: உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றில் பச்சைக் களிம்பு பூத்தால் மெஷின் விட்டுவிட்டுக் கேட்கும், கதவை அழுத்தினால் கேட்கும், விட்டால் நிற்கும். பெரிய மெஷினில் இதை வீட்டிலேயே பார்க்கலாம். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் லேசாகத் தொட்ட பட்ஸால் துடைத்து, கதவைத் திறந்தே வைத்துக் காயவிட்டால் போதும். சின்ன மெஷினில் பேட்டரி உள்ளே சீல் வைத்தது. களிம்பு ஏறுவது சார்ஜர் தொடும் வெளிப் புள்ளிகளில். அங்கே துடைக்கலாம், உள்ளே புகுந்துவிட்டால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். புள்ளியே இல்லாமல் சார்ஜ் ஆகும் மாடல்கள் இதில் தேவலை. ஆனால் அவை கடலோரத்தில் ஐந்து வருடம் ஓடியதைப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். பெட்டியில் போட்டிருக்கும் ஐபி68 என்ற தண்ணீர், தூசித் தடுப்புக் குறியீட்டை நம்பி ஏமாற வேண்டாம். அது நல்ல தண்ணீரில் முக்கிச் செய்த சோதனை, கடல் தண்ணீரில் செய்ததல்ல.

அடுத்தது ஸ்பீக்கர் இருக்கும் இடம். தலையில் அடிபட்டவர்களுக்கு இதுவே முக்கியம். பறையில் ஓட்டை மூடாமல் நின்றுவிட்டால் காது அவ்வப்போது ஒழுகும். சின்ன மெஷினின் ஸ்பீக்கர் அந்த ஒழுகலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காதுக் குறும்பி புகாமல் காக்கும் மெழுகுத் தடுப்பு அடைத்துக்கொள்ளும், பிறகு ஸ்பீக்கரே போகும். அதை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு. பெரிய மெஷினில் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே. ஒழுகல் படுவது மோல்டில் மட்டும். மோல்டைக் குழாயோடு கொக்கியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மாட்டலாம். ஒழுகும் காதுக்கு மோல்டில் காற்றுத் துளை கேட்டு வாங்குங்கள். அடைத்து மூடினால் ஈரம் தங்கும். ஒழுகும் நாட்களில் எந்த மெஷினும் போடாமல் காதைக் காயவிடுவதே சரி.

குழாயிலும் வேலை உண்டு. வாடை அடிக்கும் மாதங்களில் காலையில் குழாய்க்குள் துளித் துளியாக நீர் கோத்து நிற்கும். ஒரு துளி போதும், சத்தம் நின்றுபோகும். மெஷின் செத்துவிட்டது என்று பதறுவார்கள். மோல்டையும் குழாயையும் கழற்றி, ரப்பர் பல்பால் ஊதினால் தீர்ந்தது. கழற்றாமல் ஊதினால் ஈரம் மெஷினுக்குள் போகும். குழாய் மஞ்சளாகி விறைத்தால், மோல்டு நன்றாக உட்காராமல் கீச்சென்று விசில் அடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போட்டால் ஆறு மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். சில நிமிட வேலை.

பட்டன் பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்வது. 13 நம்பர் சுமார் பத்து நாள் வரும், ஆக ஒரு காதுக்கு வருடத்துக்கு 36, ஆறு போட்ட அட்டையாக 6 அட்டை. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடமாவது காற்றாட விட்டு மாட்டுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டினாலும் பயனில்லை. கடலோர ஈரத்தில் இது உப்பிக்கொண்டு கதவுக்குள் சிக்கும். கத்தியால் நெம்பாமல் காந்தத்தால் இழுக்க வேண்டும். தீர்ந்ததை அன்றைக்கே எடுத்துவிட்டால் சிக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், விழுங்கினால் ஆபத்து.

ராத்திரிக்கு ஒரு டப்பா வேண்டும். திருகு மூடியுள்ள டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராம், அதன்மேல் மெல்லிய துணி, துணிமேல் கதவு திறந்த மெஷின். பேட்டரி மட்டும் வெளியே, ஏனென்றால் சிலிக்கா அதன் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நிறம் மாறினால் ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம் (சமையல் வாணலி வேண்டாம்). அரிசியில் புதைப்பது பழைய யோசனை; தவிட்டுத் தூசி மைக்கை அடைக்கும். வெயிலில் வைப்பதும் கெடுதல். சார்ஜ் மெஷினுக்கு இங்கேதான் சிக்கல்: ராத்திரி அது சார்ஜரில் இருக்க வேண்டும், டப்பாவுக்கு எப்போது போகும்? உலர்த்தும் வசதி சேர்ந்த சார்ஜர் இருந்தால் சரி.

சின்ன மெஷின் ஜெயிக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். உள்காது அதிர்ந்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுச் சத்தம், முதலில் போகும். டீசல் என்ஜின் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்றவர்களுக்கும் அதே இடம்தான். கனத்த சத்தம் நன்றாகக் கேட்டு, ‘ச’வும் ‘ஸ’வும் மட்டும் தப்பினால், மூடாத ரப்பர் டோம் (ஸ்பீக்கர் நுனியில் மாட்டும் துளையுள்ள குமிழ்) போட்ட சின்ன மெஷின் இயல்பாகக் கேட்கும், மோல்டு போட்டால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் இருக்கும். அடிக்குப் பின் கை நடுக்கம், மறதி உள்ளவர்களுக்குப் பட்டன் பேட்டரி மாற்றுவது பெரும்பாடு, அவர்களுக்குச் சார்ஜ் மெஷின்தான். காதுக்குப் பின்னால் தையலோ வலியோ இருந்தால் பெரிய மெஷின் அங்கே அழுத்தும். முக்காடு மைக்கில் உரசும் கரகரப்பு இரண்டிலும் உண்டு; சின்னதில் கொஞ்சம் குறைவு.

ஒரு காது முழுக்கப் போனவர்களுக்கு இரண்டுமே உதவாது. அந்தப் பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் மெஷின் அல்லது எலும்பு வழி மெஷின் பற்றிக் கேளுங்கள்.

அரசின் இலவச மெஷினை நினைப்பவர்களுக்கு ஒன்று: சட்டப்படி கேள்விக் குறைபாடு என்றால் இரண்டு காதிலும் 60 டெசிபெலாவது இறங்கியிருக்க வேண்டும். அடிபட்ட ஒரு காதுக்காகக் கலெக்டர் ஆபீஸ் மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்கு அலைவதற்கு முன் ஆடியோகிராமைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசைப்படகுக்காரர்களுக்கு மெஷின் பழக நல்ல சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். 61 நாள் கரையில் போட்டுப் பழகி, இரண்டு தடவை ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேள்வியைச் சோதித்து மெஷினை அமைப்பவர்) திருத்திக்கொள்ளலாம். கடலுக்குப் போகும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் கடையில் மூன்று கேள்வி: குழாயை ராமநாதபுரத்திலேயே மாற்றித் தருவீர்களா, ஸ்பீக்கர் போனால் எத்தனை நாள், அதுவரை மாற்று மெஷின் உண்டா? முதல் கேள்விக்கே “மதுரைக்கு வாங்க” என்றால், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.