டைனாகோ எஸ்டி-70: கொழும்பு வெக்கையில் நெடுநாள் பாவித்தபின்

எஸ்டி-70 என்ற வால்வு ஸ்டீரியோ அம்பிளிபயரின் ட்ரைவரை, அதாவது வெளியீட்டு வால்வுகளுக்குச் சமிக்ஞை கொடுக்கும் முன்கட்டத்தை, மாற்ற நினைப்பவர்கள், சோல்டரிங் அயனைச் சூடாக்குமுன் மீற்றரைக் கையில் எடுப்பது நல்லது. "ஒலி மங்கிவிட்டது" என்ற முறைப்பாடுகளில், டைனாகோ 1959இல் போட்ட சுற்றில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் பெறுமானம் ஏறிப்போன கார்பன் தடையிகளும் கசியும் பழைய கப்பாசிட்டர்களும்தான் காரணம்.

முதலில் ட்ரைவர் வால்வான 7199இன் ட்ரையோட் பாதியில் (மறுபாதி பென்ரோட்) பிளேற்றிலும் கதோட்டிலும் உள்ள இரண்டு 47 கிலோ ஓம் தடையிகளை அளவுங்கள். சமிக்ஞையை எதிரெதிரான இரண்டாகப் பிரிப்பது (பேஸ் ஸ்பிளிற்) இந்தச் சோடிதான். ஒன்று 47, மற்றது 53 என்று நின்றால் வெளியீட்டு வால்வுகளான இரண்டு இஎல்34க்கும் சமமான சமிக்ஞை போகாது. 1 வீதத்துக்குள் பொருந்தும் மெற்றல் பிலிம் போடுங்கள். அடுத்தது ட்ரைவரிலிருந்து இஎல்34இன் கிரிட்டுக்குச் சமிக்ஞையைக் கடத்தும் 0.1 மைக்ரோபரட் கப்ளிங் கப்பாசிட்டர்கள். கிரிட் தடையி 270 கிலோ ஓம் என்பதால் 1 மைக்ரோஅம்பியர் கசிந்தாலே பயஸ், அதாவது வால்வின் ஓட்டத்தை அடக்கும் கிரிட் மின்னழுத்தம், 0.27 வோல்ற்று குறையும். 20 கசிந்தால் பிளேற் சிவக்கும். சாதாரண 630 வோல்ற்று பொலிப்புரொப்பிலீன் போதும், ஆடம்பர வகைகளுக்குக் கொட்டும் காசு வீண்.

நல்ல 7199 இப்போது அரிது. 6ஜிஎச்8ஏ அல்லது 6யூ8ஏ வால்வு அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். வால்வைச் சூடாக்கும் ஹீற்றரும் அதே 450 மில்லிஅம்பியர். ஆனால் நேரே செருகக்கூடாது, பென்ரோட்டின் மூன்று கால்கள் இடம் மாறியவை. 2ஆம் காலுக்கு வந்த இணைப்பு 6க்கும், 6க்கு வந்தது 7க்கும், 7க்கு வந்தது 2க்கும் போகவேண்டும். பழைய பலகையில் தடம் வெட்டுவதைவிட அடப்டர் சொக்கற் சுத்தமான வழி.

6எஸ்என்7 வால்வு இரண்டு போட்டு ட்ரைவரையே புதிதாகக் கட்டினால் ஹீற்றருக்கு 1.2 அம்பியர் வேண்டும். இரண்டு 7199 எடுத்தது 0.9தான், ஏற்கனவே கொதிக்கும் நிலைமாற்றிக்கு இது தேவையா? ட்ரைவரின் கெயின் (பெருக்கம்) மாறினால் பின்னூட்டத்தின் நிலைத்தன்மையும் மாறும். 8 ஓம் சுமைக்குச் சமாந்தரமாக 0.1 மைக்ரோபரட் வைத்து 10 கிலோஹேர்ட்ஸ் சதுர அலை கொடுங்கள். ஒசிலோஸ்கோப்பில் அதிர்வு தணியாமல் நீண்டால் ஸ்பீக்கரைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

பயஸ் விடயத்தில் மட்டும் டைனாகோ கஞ்சத்தனம் காட்டியது. இரண்டு இஎல்34க்கும் பொதுவான ஒரு 15.6 ஓம் தடையியில் 1.56 வோல்ற்று, அதாவது வால்வுக்கு 50 மில்லிஅம்பியர் என்று கணக்கு. ஒன்று 70, மற்றது 30 இழுத்தாலும் மீற்றர் அதையேதான் காட்டும். கதோட்டுகளைப் பிரித்து தலா 10 ஓம், 1 வாற்று போட்டால் குட்டு வெளிப்படும். இன்றைய இஎல்34க்கு 40 மில்லிஅம்பியர், அதாவது 0.4 வோல்ற்று, போதும். 435 வோல்ற்றில் அது சுமார் 17 வாற்று. பிளேற்றின் வரம்பு 25.

117 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் செற் என்றால் புறக்கோட்டையில் வாங்கும் 110 வோல்ற்று ஸ்டெப்-டவுண்தான் தோது. 50 ஹேர்ட்ஸில் முழு 117 கொடுத்தால் காந்தப்பாயம் 20 வீதம் கூடும், 110இல் 13 வீதம். ஹீற்றர் 5.9 வோல்ற்றுக்கு இறங்கும். அது 10 வீத வரம்புக்குள்தான்.

கரண்ட் போய் உடனே வரும்போது சூடான ஜிஸெட்34 ரெக்டிபயர் வால்வுக்குள் பொறி பாயலாம். அதன் 4ஆம், 6ஆம் கால்களுக்கு வரும் வயர்களில் தலா இரண்டு 1என்4007 டயோட் தொடராகப் போடுங்கள். வால்வு ஷோர்ட் ஆனாலும் நிலைமாற்றி தப்பும்.