யோனா கதைக்கு ஒரு சாயங்கால வகுப்பு: மூன்றரை ஸ்டார்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த சனிக்கிழமை வகுப்பு. பைபிள் கதையை நம் மனசுக்குள் நடக்கிற கதையாக வாசிக்கச் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 150 ரூபாய், டீயும் சுண்டலும் அதிலேயே அடக்கம். லிஃப்ட் கிடையாது, முட்டி வலிக்காரர்கள் யோசித்து வாருங்கள்.

நான் காவேரிப்பட்டணம். ஞாயிறு பூசைக்குத் தவறாதவள்தான், ஆனாலும் யோனா என்றால் மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தவர், அவ்வளவுதான் எனக்கு. இங்கே 4 அதிகாரங்களையும் சத்தமாக வாசிக்க வைத்தார்கள். மொத்தமே 48 வசனம். நினிவே நகரத்துக்குப் போய் எச்சரிக்கச் சொல்கிறார் கடவுள்; யோனாவோ வேறு திசையில் கப்பலேறி ஓடுகிறார். முடிந்ததும் நடத்துகிறவர் கேட்டார்: "இந்த ஆள் எங்கெங்க கீழே போறாரு, சொல்லுங்க." யோப்பா துறைமுகத்துக்கு இறங்குகிறார். கப்பலின் அடித்தட்டுக்குப் போய்த் தூங்குகிறார். கடலில் தூக்கிப் போடுகிறார்கள். அப்புறம் மீனின் வயிறு, மலைகளின் அடிவாரம். செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிக்கிற மனசு இப்படித்தான் படிப்படியாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் என்றார். மேலே புயல், கீழே தூக்கம் என்ற இடம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கொடுத்த காசு அங்கேயே தகும்.

இந்த வாசிப்பு நேற்று முளைத்ததில்லை. கலாத்தியர் நிருபத்தில் அப்போஸ்தலர் பவுலே, ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரையும் மனைவி சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகப் படிக்கிறார். 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர், எகிப்தை விட்டுக் கிளம்பிய இஸ்ரவேலர் வழியில் பாளயமிறங்கிய, அதாவது கூடாரம் போட்டுத் தங்கிய, 42 இடங்களையும் ஆன்மா ஏறிப்போகிற படிகளாக விளக்கினார்.

டீக்குப் பிறகுதான் இழுவை. மீன் யோகத்தில் சொல்கிற மூலாதாரச் சக்கரம், புயல் பிராணன், கடைசியில் யோனாவுக்கு நிழல் தருகிற ஆமணக்குச் செடி அகந்தை என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினார். பின்வரிசையில் பாலக்கோட்டுப் பெரியவர் ஒருவர், "ஆமணக்கு நெழல்ல எவன் சார் உக்காருவான்? கொல்லையில கடலைக்கு ஓரமா போடறது அது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சாரும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அந்த அரைகுறை நிழலுக்கு யோனா அவ்வளவு சந்தோஷப்பட்டாரே, அதையல்லவா பிடித்திருக்க வேண்டும்!

நானும் ஒன்று கேட்டேன். கடைசி வசனத்தில் நினிவேயில் வலது கை இடது கை தெரியாத 1,20,000 பேருக்கும் மேல் இருக்கிறார்கள், கூடவே ஏகப்பட்ட மாடுகள். எல்லாம் எனக்குள்ளே என்றால் இவர்கள் எங்கே போவார்கள்? "அதுவும் உங்க மனசுதாம்மா" என்றார். ஒப்பவில்லை. நிழல் தந்த செடி வாடியதற்காகப் பொருமுகிறவரிடம், அடுத்த ஊர்க்காரன் சாகலாமா என்றுதான் கடவுள் கேட்கிறார். அந்த ஊரையும் மனசுக்குள் சுருட்டி வைத்துவிட்டால் யோனாவுக்கு ரொம்ப சௌகரியமாகப் போய்விடும். ஒன்றரை ஸ்டார் குறைந்தது இதற்குத்தான்.

கொடுக்கிற ஜெராக்ஸ் தாளில் எழுத்து எறும்பு சைஸ், கண்ணாடியை மறக்காதீர்கள். அடுத்து அந்த 42 பாளயங்களை எடுக்கப்போகிறாராம், போவேன். டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் வாசல் பக்கமாக உட்காருங்கள்; மனுசன் கடிகாரம் பார்த்து முடிக்கிறவர் இல்லை.